தண்ணீர் முறையும் தலைமுறையும்

அன்புள்ள தம்பிக்கு,

நீ உருவாக்கிவரும் மொழியின் சொற்பட்டியலைப் படித்தேன். ஒலிகள் நன்றாக அமைந்திருக்கின்றன; வேற்றுமை உருபுகளிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. 'வம்சம்' என்பதற்கு நேரே மட்டும் எழுதி எழுதி அடித்திருக்கிறாய். எதுவும் காதுக்கு ஒட்டவில்லை என்கிறாய். காதின் மேல் பழி போடாதே. அந்த மொழியைப் பேசுவதாக நீ கற்பனை செய்த மலை ஊரில் யார் யாருக்கு என்ன உறவு என்பதையே நீ இன்னும் முடிவு செய்யவில்லை.

பிறக்கும் பிள்ளை அப்பன் பக்கமா, அம்மா பக்கமா? கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் பாத்தியதை உண்டா? தத்துப்பிள்ளை கொள்ளி வைக்கலாமா? இதற்கெல்லாம் பதில் இல்லாமல் சொல் தேடினால், நம் ஊர் வம்சத்துக்கே வேறு சட்டை மாட்டிவிடுவாய். நம் ஊர் என்பதும் ஒன்றல்ல. கொங்கு நாட்டில் 'கூட்டம்' தந்தைவழி. மட்டக்களப்பில் 'குடி' தாய்வழி: பிள்ளை தாயின் குடியில் சேரும், ஒரே குடிக்குள் சம்பந்தம் செய்வதில்லை, கோயில் உரிமைகளும் குடி பார்த்தே வரும். இரண்டுக்கும் 'குலம்' என்று ஒற்றைப் பொருள் எழுதுகிற அகராதியை நான் நம்பமாட்டேன்.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடருக்காக டேவிட் பீட்டர்சன் அமைத்த உயர் வலேரியன் மொழியை நிதானமாகப் பார். அதில் லென்டன் என்றால் வீடு. பெயர்ச்சொற்களுக்கு ஒருமை, பன்மை போக, ஒருசிலவற்றைச் சுட்ட ஒரு வடிவமும் மொத்தமாகத் திரட்டிச் சொல்ல ஒரு வடிவமும் உண்டு. வீட்டின் திரட்டு வடிவமான லென்டோர்தான் அரச வம்சத்துக்குப் பெயர். புது வேருக்கு அவர் அலையவில்லை; இலக்கணத்தில் வழி ஏற்கெனவே இருந்தது. உறவுமுறையும் அப்படித்தான். தம்பியைக் குறிக்கும் வலோன்கார், அத்தொடரின் மூல நாவல்களை எழுதிய ஜார்ஜ் மார்ட்டின் 2005 நாவலில் விட்டுவைத்த சொல். தம்பிக்குத் தனிச்சொல் இருந்தால் அண்ணனுக்கும் இருந்தாக வேண்டுமே! லேகியா வந்தது. அப்பாவைக் குறிக்கும் கேபா சித்தப்பாவுக்கும் ஆகும். தாய்மாமனுக்குச் சொல்லே வேறு. தமிழ் வீட்டில் வளர்ந்த நமக்கு இதைப் புரியவைக்க வாத்தியார் வேண்டியதில்லை.

1887இல் வெளிவந்த எஸ்பெராண்டோவும் உருவாக்கப்பட்ட மொழிதான்; அதில் அதை அமைத்த சாமென்ஹோஃப் அப்பாவுக்குப் பட்ரோ என்று வைத்தார். அதில் பெண்பால் ஒட்டைச் சேர்த்து அம்மாவைப் பட்ரினோ ஆக்கினார். கற்பதற்குச் சுலபம்தான். ஆனால் தகப்பனிடமிருந்து தாயைப் பிறப்பித்த அந்த ஒட்டைப் பற்றி இன்றுவரை வாதம் ஓயவில்லை. நீ அடித்துப்போட்டவற்றில் ஒன்று 'அப்பன்' என்ற வேரிலிருந்து வந்திருக்கிறது. அடித்தது நல்லதே.

உன் மலைக்காரர்கள் படிவயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் என்று குறிப்பில் எழுதியிருக்கிறாய். மடையைத் திறக்கும் உரிமை தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது என்றும் ஓரத்தில் கிறுக்கியிருக்கிறாய். அதைவிட்டுவிட்டு வம்சத்தை ஏன் ரத்தத்தில் தேடுகிறாய்? நானாக இருந்தால் மடைக்கும் வாய்க்காலுக்கும் நீ வைத்த சொற்களைத்தான் முதலில் புரட்டுவேன். ஒரே மடையில் நீர் பெறுகிறவர்கள் ஒரே வம்சம் என்றால், வந்தேறிய குடும்பம் எப்போது உள்ளே வரும், மடையை விற்றவன் என்ன ஆவான் என்பதும் தானாகத் தெளியும்.

சொல் அமைந்ததும் பட்டியலில் பூட்டிவைக்காதே. உன் மலைக்காரர்கள் அதை வைத்துப் பெண் கேட்கட்டும், சாபம் விடட்டும், பெருமை பீற்றட்டும். அடுத்த கடிதத்தோடு ஒரு மடைத் தகராறை அந்த மொழியிலேயே எழுதி அனுப்பு. இரு தரப்பும் அந்த ஒரே சொல்லைத் தத்தம் பக்கம் இழுக்கட்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்