ஓரணாக் கணக்கு

அன்புள்ள கயல்விழி,

கவுன்சிலர் பதவி என்பது எம்.எல்.ஏ. ஆவதற்கு முதல் படிதானே என்று கேட்டிருந்தாய். அதைப் படியாக நினைக்காத ஒரு வணிகரைப் பற்றிச் சொல்கிறேன். தி.நகர் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது: சர் பிட்டி தியாகராயர்.

1852இல் பிறந்தவர், தேவாங்கர் குடும்பம். மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தவர். பட்டதாரிகளை அரசு உத்தியோகம் தேடி அழைத்த காலம் அது. அவரோ தறி, தோல், உப்பு என்று வியாபாரத்தில் இறங்கினார். வடசென்னையில் இருந்த அவருடைய தறிக்கூடத்தில் விசைநாடாவைப் புகுத்தினார். அதுவரை நெசவாளி நாடாவைக் கையால் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ள வேண்டும். கை எட்டும் அளவுதான் துணியின் அகலம். விசைநாடாவில் கயிற்றைச் சுண்டினால் நாடா தானே ஓடும். வேகமும் கூடும், அகலமும் கூடும். 1909இல் இந்திய வணிகர்களுக்கென்று தென்னிந்திய வர்த்தக சபை தோன்றியபோதும் முன்னின்றவர்களில் அவர் ஒருவர்.

ஆனால், கயல், 1882இலேயே அவர் சென்னை மாநகராட்சி மன்றத்துக்குள் போய்விட்டார். சுமார் 40 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். சாக்கடை, குடிநீர், விளக்கு, வரி: கைதட்டல் கிடைக்காத விவகாரங்கள். சக உறுப்பினர் டி.எம். நாயரோடு அங்கே கடுமையாக மோதியிருக்கிறார். பிறகு நடேச முதலியார் இருவரையும் சேர்த்து வைக்க, 1916இல் நீதிக்கட்சி பிறந்தது.

1920 சென்னை மாகாணத் தேர்தலில் அந்தக் கட்சி வென்றது. முதலமைச்சராக வரும்படி ஆளுநர் வில்லிங்டன் தியாகராயரைத்தான் அழைத்தார். அவர் மறுத்துவிட்டார், கட்சியின் சுப்பராயலு ரெட்டியார் பதவியேற்றார். தியாகராயர் அதே ஆண்டில், அரசு அதிகாரிகளே அமர்ந்துவந்த மாநகராட்சித் தலைவர் நாற்காலிக்கு வந்திருந்தார். அதிகாரியல்லாத முதல் தலைவர் அவர். மாகாணத்தை விட்டுவிட்டு ஊரை வைத்துக்கொண்டார் என்றே நான் பார்க்கிறேன். அவரிடம் எனக்கு மிகவும் பிடித்த முடிவும் அதுதான்.

ஏன் என்று கேட்பாய். 1920 செப்டம்பரில் மாநகராட்சி போட்ட ஒரு தீர்மானத்தைப் பார். ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய டிபன். செலவு, தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது. ரூபாய்க்கு 16 அணா; ஒரு ரூபாயில் 16 பிள்ளைகள் சாப்பிடலாம். இரக்கம் எல்லோருக்கும் வரும். அதற்கு ஒரு விலை வைத்து, வரவு செலவில் எழுதி, மன்றத்தில் நிறைவேற்றுவதற்குக் கணக்குத் தெரிந்த ஆள் வேண்டும். திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவியது. அந்த ஐந்து பள்ளிகளிலும் 1922–23இல் 811 பேர் படித்தார்கள். 1924–25இல் 1,671 பேர். இரண்டே ஆண்டில் இரட்டிப்புக்கும் மேல்! பசியில் வீட்டோடு இருந்த பிள்ளைகளும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவு செய்யக் கூடாது என்று அரசாங்கம் தடுத்ததால் 1925 ஏப்ரலில் திட்டம் நின்றது. அந்த ஆண்டுதான் தியாகராயரும் மறைந்தார். பின்னாளில் மாநகராட்சி அதை மறுபடி எடுத்து, 25 பள்ளிகளில் 1,000 ஏழைப் பிள்ளைகளுக்கு உணவு தந்தது.

உங்கள் மாநகராட்சியும் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் வெளியிடுகிறது. இந்த ஆண்டுக்கானதைத் தேடி எடு. கல்வி என்ற தலைப்பின் கீழ் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள், பிள்ளை ஒன்றுக்கு எவ்வளவு வருகிறது என்று வகுத்துப் பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா