ஏழு பஞ்சமம், ஒரு காந்தாரம்

நாஞ்சில் நாட்டுக் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு கேட்டவர்கள் இதைக் கவனித்திருக்கலாம். புலவர் அந்தர காந்தாரத்தில் இழுத்து நிற்கும்போது ஆர்மோனியம் கொஞ்சம் தூக்கலாக ஒலிக்கும். சுருதியோடு இழைகிற காந்தாரம் 386 சென்ட். கட்டையில் இருப்பது 400. (ஒரு ஸ்தாயி 1200 சென்ட், கட்டைகள் அதைப் பன்னிரண்டு சம பங்காகப் பகுக்கின்றன.) சுசீந்திரத்து இசைத்தூண்களைப் போலத்தான் கட்டையும், வாசிக்கும் நேரத்தில் அதைத் திருத்த முடியாது. ஆனால் அதன் சமப் பகுப்புச் சுரத்தை, இயல்பான சுரங்களைக் கொண்டே காதால் பிடிக்கலாம்.

நீளமான பலாப் பலகையில் ஒரே கனமுள்ள மூன்று எஃகுத் தந்திகளைக் கட்டுங்கள். குதிரைகளுக்கு இடையே சரியாக 100 செ.மீ. இருக்கட்டும். மூன்றையும் ஒரே சட்ஜத்தில் சேருங்கள். முதல் தந்தியைக் கடைசிவரை தொடாதீர்கள். மற்ற இரண்டுக்கும் நகரும் குதிரை வேண்டும். அது தந்தியைத் தூக்கக் கூடாது, தொட்டு நின்றால் போதும். தூக்கினால் சுருதி ஏறிவிடும்.

இரண்டாம் தந்தியில் பஞ்சமம் பிடியுங்கள். முதல் தந்தியையும் இதையும் சேர்த்து மீட்டும்போது, சுரம் பிசகினால் எழும் விம்மல் (ஒலி ஏறி இறங்கும் அலை) முற்றிலும் அடங்க வேண்டும், 66.67 செ.மீ.யில் அடங்கும். மூன்றாம் தந்தியில் அந்தப் பஞ்சமத்துக்குப் பஞ்சமம். அது மேல்ஸ்தாயிக்குப் போவதால் ஒரு ஸ்தாயி இறக்கினால் சதுஸ்ருதி ரிஷபம், 88.89. இப்படியே இரண்டு தந்திகளையும் மாற்றி மாற்றி நகர்த்துங்கள்: தைவதம் 59.26, காந்தாரம் 79.01, நிஷாதம் 52.67, பிரதி மத்திமம் 70.23, சுத்த ரிஷபம் 93.64. அளவுகோல் சரிபார்க்க மட்டுமே. முடிவு சொல்ல வேண்டியது காது. அவசரப்படாதீர்கள், ஓரிடத்துப் பிசகு கடைசிவரை கூடவே வரும்.

ஏழு பஞ்சமம் முடிந்தது. அந்தச் சுத்த ரிஷபத்தைச் சட்ஜமாக எண்ணி, அதற்கு விம்மலற்ற அந்தர காந்தாரம் வையுங்கள். குதிரை 74.92இல் நிற்கும். இது சுத்த மத்திமம், 499.999 சென்ட், கட்டையின் மத்திமம் 500. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் மாணவர் கிர்ன்பெர்கர் 18ஆம் நூற்றாண்டில் கண்ட 10935/8192 என்ற விகிதம் இதுதான். இதையே பன்னிரண்டு முறை அடுக்கினாலும் பிசகு ஒரு சென்டில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது.

இனி இரண்டாம் தந்தியை 75 செ.மீ.க்கு நகர்த்தி முதல் தந்தியோடு மீட்டுங்கள். இயல்பான மத்திமம், அசைவே இல்லை. மூன்றாம் தந்தியை முதல் தந்தியோடு மீட்டினால் மெல்லிய விம்மல். சட்ஜம் நொடிக்கு 131 அதிர்வானால் 10 நொடியில் ஏறக்குறைய 6. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அந்த இடைவெளியை முதலில் கேட்டபோது நான் வெகுநேரம் மீட்டிக்கொண்டே இருந்தேன்.

தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், ஸ்தாயியை 24 சம சுருதிகளாகப் பகுக்க வேண்டும் என்று 1917இல் ‘கருணாமிர்த சாகர’த்தில் வாதிட்டார். அவற்றில் ஒன்றுவிட்டு ஒன்று எடுத்தால் ஆர்மோனியத்தின் பன்னிரண்டு. அவர் கணக்கைப் படிக்கும் முன் இந்தப் பலகையில் ஒரு மாலை உட்காருங்கள்.