லிக்விடா, பவுடரா? முதல்ல உங்க வீட்டுத் தண்ணியைப் பாருங்க

சம்பளம் வந்த வாரத்துல சூப்பர் மார்க்கெட்ல ரெண்டு லிட்டர் லிக்விட் கேன். மாசக் கடைசியில தெருமுனைக் கடையில 10 ரூபாய் பவுடர் பாக்கெட். பேச்சுலர் ரூம்கள்ல துணி துவைக்கிற செலவு பெரும்பாலும் இப்படித்தான் ஓடுது. ரெண்டுல எது மலிவுன்னு கேட்டா, பொதுவா பவுடர்தான். ஆனா பவுடருக்கு மாறினதால மட்டும் பெருசா மிச்சமாகாது. பெரிய பணம் வேற வழியா போயிட்டிருக்கு.

ஒரு கணக்குப் போடலாம். பெசன்ட் நகரை ஒட்டின ஊரூர் ஒல்காட் குப்பத்துல மூணு பேர் சேர்ந்து ஒரு போர்ஷன் எடுத்திருக்காங்கன்னு வைங்க. வாரத்துக்கு 4 லோடு, வருஷத்துக்கு 208 லோடு. பவுடர் கிலோ 140 ரூபாய், லோடுக்கு 70 கிராம்னா 9.80 ரூபாய். லிக்விட் லிட்டர் 220 ரூபாய், லோடுக்கு 60 மி.லி.ன்னா 13.20 ரூபாய். (விலையும் அளவும் உதாரணத்துக்குத்தான். நீங்க வாங்குற பாக்கெட்ல இருக்கிறதைப் போட்டுக்குங்க.) வித்தியாசம் லோடுக்கு 3.40 ரூபாய், வருஷத்துக்கு சுமார் 707 ரூபாய். அதை மூணு பேர் பிரிச்சா ஆளுக்கு மாசம் 20 ரூபாய் கூட வராது.

இப்போ அதே லிக்விடை மூடி நிறைய, 100 மி.லி. ஊத்துறாங்கன்னு வைங்க. லோடுக்கு 22 ரூபாய். தேவைக்கு மேல போனது மட்டும் வருஷத்துக்கு சுமார் 1,830 ரூபாய்! மூடிக்குள்ள கோடு போட்டிருப்பாங்க, அது அடியில எங்கேயோ இருக்கும். மூடியோ பெருசு. யார்தான் டார்ச் அடிச்சுப் பார்த்து ஊத்துறாங்க? பவுடர்லயும் "ஒரு கைப்பிடி"ன்னு அள்ளிப் போடுறதுதான் பழக்கம். அதிகமா போட்டா நுரை போகாது, இன்னொரு தடவை அலசணும், தண்ணியும் கரண்ட்டும் கூடும். 2019 கோடையில லாரித் தண்ணிக்குக் குடத்தோட நின்ன சென்னைக்காரங்களுக்கு அந்த ஒரு அலசலோட விலை தெரியும்.

அதனால லிட்டர் விலை, கிலோ விலை பார்க்காதீங்க. ஒரு லோடுக்கு எவ்வளவுன்னு பாருங்க. இது புது யோசனை இல்லை. அகமதாபாத்துல கர்சன்பாய் படேல் 1969-ல ஆரம்பிச்ச நிர்மா, கிலோ 3 ரூபாய் அளவுல வித்து சர்ஃபோட சந்தையை ஆட்டம் காண வெச்சுது. அதுக்கு சர்ஃப் இறக்கின ஆள்தான் விளம்பரத்து லலிதாஜி. மலிவா இருக்கிறது வேற, வாங்கத் தகுந்தது வேற, எங்க பவுடர் பாதி அளவு போதும்னு அந்தம்மா வாதாடுவாங்க. கம்பெனிக்காக சொன்னதுதான், ஆனா கணக்கு போடுற முறை சரி. இப்போ பாக்கெட்ல எம்.ஆர்.பி. பக்கத்துலயே யூனிட் விலையும் போடணும்னு விதி இருக்கு. ஒரு பிராண்ட்ல சின்ன பாக்கெட்டா பெரிய பாக்கெட்டான்னு பார்க்க அது உதவும். பவுடரையும் லிக்விடையும் ஒப்பிட அது போதாது, ஏன்னா போடுற அளவே வேற.

அந்த அளவை முடிவு பண்றது உங்க தண்ணி. கடலோரத்துல நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச கடல் தண்ணி உள்ளே ஏறும். கடல் தண்ணியில உப்பு மட்டும் இல்லை, லிட்டருக்கு சுமார் 1.3 கிராம் மக்னீசியமும் இருக்கு. மக்னீசியமும் கால்சியமும் கூடினாத்தான் கடினத் தண்ணி. அழுக்கை எடுக்க வேண்டிய சோப்புச் சரக்கை இது ரெண்டும் பிடிச்சு வெச்சுக்கும். பவுடர்ல சலவை சோடா மாதிரி சரக்கு கலந்திருக்கும், அது முதல்ல இந்த ரெண்டையும் கவனிச்சுக்கும். லிக்விட்ல அந்த வசதி குறைவு. அதனால போர் தண்ணி கடினமா இருக்கிற வீட்ல லிக்விட் அளவு ஏறிக்கிட்டே போகும், மேல போட்ட கணக்கு இன்னும் மோசமாகும். அதே தெருவுல மெட்ரோ வாட்டர் ஒழுங்கா வர்ற வீட்ல இந்தப் பிரச்சினை கம்மி. 2013-லிருந்து நெம்மேலி ஆலை நாளைக்கு 10 கோடி லிட்டர் கடல் தண்ணியை நல்ல தண்ணியாக்கி தென்சென்னைக்கு அனுப்புற அளவுக்குக் கட்டப்பட்டது.

உங்க வீட்ல எப்படின்னு பார்க்க செலவே இல்லை. ரெண்டு காலி பாட்டில் எடுங்க. ஒண்ணுல குழாய்த் தண்ணி, இன்னொண்ணுல கேன் தண்ணி, பாதி பாதி. ரெண்டுலயும் குளியல் சோப்பை ஒரே அளவு சீவிப் போட்டுக் குலுக்குங்க. (டிடர்ஜென்ட் போட்டா வித்தியாசம் சரியா தெரியாது.) குழாய்த் தண்ணியில நுரை வராம வெள்ளையாத் திரிஞ்சு மிதந்தா கடினத் தண்ணி. அப்போ பவுடர்தான் உங்களுக்கு. லிக்விட் கேன் ஏற்கெனவே வாங்கி வெச்சிருந்தா, லோடுக்கு ஒரு ஸ்பூன் சலவை சோடா சேர்த்துப் பாருங்க. பட்டு, கம்பளிக்கு மட்டும் வேண்டாம். கையால துவைக்கிறவங்களும் தவிர்க்கலாம், கை எரியும்.

பவுடர் பச்சைத் தண்ணியில கரையாதுங்கிறது குளிர் நாடுகள்ல பெரிய பிரச்சினை. நம்ம மொட்டை மாடி டேங்க் தண்ணி மே மாசத்துல கையைச் சுடும்! ஒரு மக்ல கரைச்சு ஊத்தினா டாப் லோடுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனா 15 நிமிஷ குயிக் வாஷ் போடுறவங்க, கறுப்பு டி-ஷர்ட் நிறைய வெச்சிருக்கிறவங்க சின்ன லிக்விட் பவுச் ஒண்ணு தனியா வெச்சுக்கலாம், வெள்ளைத் திட்டு விழாது. பெட்ஷீட், வெள்ளைச் சட்டைக்குப் பவுடரே மேல். நல்ல பவுடர்கள்ல ஆக்சிஜன் ப்ளீச் இருக்கும், அது சாதாரண லிக்விட்ல நிலைச்சு நிக்காது. ஃப்ரண்ட் லோட் மெஷின்னா எதை வாங்கினாலும் ஃப்ரண்ட் லோட்னு போட்டதையே வாங்குங்க. இல்லைன்னா நுரை பொங்கி மெஷின் திணறும்.

நுரைன்னதும் ஞாபகம் வருது: 2019 நவம்பர் கடைசியில மழைக்கப்புறம் மெரினா பக்கம் கரையெல்லாம் வெள்ளை நுரையா ஒதுங்குச்சு. பிள்ளைங்க அதுல விளையாடிச்சு. சுத்திகரிக்காத கழிவுநீரும் அதுல கலந்த டிடர்ஜென்ட்டும்தான் காரணம்னு சொன்னாங்க. அடையாறு கடல்ல கலக்கிற முகத்துவாரம் ஊரூர் குப்பத்துக்குப் பக்கத்துலதான் இருக்கு. அங்கே வலை போடுறவங்களுக்கு அது விளையாட்டு இல்லை.

பவுடர் வாங்கினா கடல் காத்துல ஒரே வாரத்துல கட்டி தட்டிடும், கட்டியானா அளவும் தப்பும். பாக்கெட்டைப் பிரிச்ச அன்னைக்கே இறுக்கமான டப்பாவுல கொட்டி, உள்ளேயே ஒரு ஸ்பூன் போட்டு வைங்க. அந்த ஸ்பூன்ல எத்தனை கிராம் பிடிக்குதுன்னு மளிகைக்கடைத் தராசுல ஒரு தடவை பார்த்து, டப்பா மூடி மேல எழுதிடுங்க. ரூம்ல மூணு பேர் துவைச்சாலும் அளவு மாறாது.