கையுறை யார் காசு?

புனே நகரில் குப்பை பொறுக்கிப் பிழைக்கும் பெண்கள் ஏராளம். காகிதம், கண்ணாடி, தகரம் எல்லாம் பொறுக்கி எடைக்குப் போடுவார்கள். கண்ணாடி குத்தும். கை கிழியும். கையுறை வேண்டுமா? சொந்தக் காசில் வாங்க வேண்டும். கோணியும் சொந்தக் காசுதான். அது போக மிச்சம்தான் வீட்டுக்கு.

1990-ஐ ஒட்டி எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழகத்தினர் இவர்களிடம் போனார்கள். எழுத்துக் கற்றுக் கொடுப்பது அவர்கள் வேலை. ஆனால் பேச்சு பாடத்தோடு நிற்கவில்லை. 1993-ல் ஒரு சங்கம் பிறந்தது. பெயர் ‘காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்’. மராத்தியில் காகத் என்றால் காகிதம். காச் என்றால் கண்ணாடி. பத்ரா என்றால் தகரம். கஷ்டகரி என்றால் உழைப்பாளி.

சுத்தமாவது ஊர். செலவு மட்டும் இந்தப் பெண்களுடையதா?

2008-ல் புனே மாநகராட்சி இவர்களுடைய ‘ஸ்வச்ச்’ கூட்டுறவுச் சங்கத்தோடு ஒப்பந்தம் எழுதியது. வீடு வீடாகக் குப்பை வாங்குவது இவர்கள் வேலை. அதற்கு வீட்டுக்காரர்கள் மாதக் கட்டணம் தருவார்கள். தள்ளுவண்டி, கையுறை போன்றவை மாநகராட்சியின் பொறுப்பு. கட்டணம் உழைப்புக்கு உரியது. கையுறைச் செலவை அதில் கழிக்கக் கூடாது அல்லவா?

இந்தப் பெண்களுக்கு முதலாளி என்று ஒருவர் இல்லை. முதலாளியிடம் வேலை பார்ப்பவர்களுக்கும் இதே கேள்வி உண்டு. 1948-ல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது. வேலைக்காக ஏற்படும் தனிச் செலவுக்குக் கொடுக்கும் பணம் கூலி ஆகாது. பயணப்படியும் கூலி ஆகாது. 2019-ல் இயற்றிய ஊதியச் சட்டத்திலும் இந்தப் பிரிவினை இருக்கிறது. பஸ் காசைக் கொடுத்துவிட்டு, அதையும் கூலியில் சேர்த்துக் காட்டுவது சரியல்ல.

வீட்டிலிருந்து வேலைக்கு வரும் பஸ் செலவு வேறு. அது பேசிக்கொண்டபடிதான். வேலைக்குச் சேரும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

சிவாஜி நகரில் ஓர் ஆபீஸ். அங்கே ஒரு பெண் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கடிதத்தைக் கொடுத்துவர, முதலாளி அவரைப் பிம்ப்ரிக்கு அனுப்புகிறார். போக 30 ரூபாய். வர 30 ரூபாய். வழியில் நகல் எடுக்க 10 ரூபாய். மொத்தம் 70 ரூபாய். இது அவர் கைக்காசு. திரும்ப வாங்க வேண்டும்.

அதற்கு டிக்கெட்டைத் தூக்கி எறியக் கூடாது. நகல் கடையில் ரசீது கேட்க வேண்டும். ஒரு தாளில் தேதி, போன இடம், எதற்காக, எவ்வளவு என்று எழுதி, டிக்கெட்டையும் ரசீதையும் அதோடு குத்திக் கொடுக்க வேண்டும். ஷேர் ஆட்டோவில் சீட்டு தரமாட்டார்கள். அந்தச் செலவை அன்றைக்கே நோட்டில் குறித்து வைக்கலாம். பெரிய செலவாக இருந்தால் முன்பணம் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பலாம். கைக்காசு போட்டுவிட்டு மாதக் கடைசிவரை காத்திருப்பது ஏழை வீட்டுக்குக் கஷ்டம்.

பணம் தரும்போது வவுச்சரில் கையெழுத்துக் கேட்பார்கள். எதற்கான பணம், எவ்வளவு என்று படித்துப் பார்த்த பிறகு போட வேண்டும். ‘செலவு’ என்பதற்குப் பதில் ‘சம்பளம்’ என்று எழுதியிருந்தால், மாற்றி எழுதச் சொல்லலாம்.