மென்பொருள் வந்தால் கணக்கு நேராகிவிடுமா?

கொள்முதல், இருப்பு, உற்பத்தி, விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இணைப்பது இஆர்பி மென்பொருள். தாராவி தோல் பட்டறை முதல் செம்பூர் ஆலை வரை யாருக்கும் அது பயன்படும். ஆனால் அதைப் பற்றிய சில தவறான நம்பிக்கைகள் போட்ட பணத்தையே விழுங்கிவிடுகின்றன.

நம்பிக்கை 1: மென்பொருள் வந்தால் குழப்பம் தானாகத் தீரும்.

உண்மை: செம்பூரை ஒட்டிய மாஹுலில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் பாரத் பெட்ரோலியம், யு. சுந்தரராஜன் தலைவராக இருந்த தொண்ணூறுகளில், முதலில் தன் அமைப்பையே மாற்றித் தனித்தனி வணிகப் பிரிவுகளை உருவாக்கியது. அதன் பிறகே எஸ்.ஏ.பி. என்ற இஆர்பி மென்பொருளை நிறுவியது. இந்த வரிசை முக்கியம். யார் எதற்குப் பொறுப்பு என்று முடிவாகாத இடத்தில் மென்பொருள் குழப்பத்தை வேகமாகப் பரப்பும்.

நம்பிக்கை 2: நம் வழக்கத்துக்கு மென்பொருளை வளைத்துக்கொள்ளலாம்.

உண்மை: ஜெர்மனியின் லிடில் பல்பொருள் அங்காடி நிறுவனம் சரக்கிருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிட்டு வந்தது. வாங்கிய எஸ்.ஏ.பி. மென்பொருளோ விற்பனை விலையில் மதிப்பிட்டது. லிடில் வழக்கத்தை விடாமல் மென்பொருளைத் திருத்தப் போனது. ஏழாண்டு உழைப்பு, ஏறத்தாழ 50 கோடி யூரோ செலவு. 2018இல் திட்டமே கைவிடப்பட்டது.

நம்பிக்கை 3: சிறு பட்டறைக்கு இது கட்டுப்படியாகாது.

உண்மை: மும்பையில் உருவான இஆர்பிநெக்ஸ்ட் திறமூல மென்பொருள்; அதற்கு உரிமக் கட்டணம் இல்லை. உண்மையான உழைப்பு பொருள் பட்டியலைச் சீராக்குவதில்தான் இருக்கிறது. தோலைச் சதுர அடியில் வாங்குகிறோம். வெட்டும் மேசையில் எண்ணிக்கையில் கணக்கு வைக்கிறோம். பில்லில் ‘பிளாக் கோட்’, இருப்பு நோட்டில் ‘கறுப்பு ஆடு’, வெட்டுபவரிடம் இன்னொரு பெயர். மூன்றையும் அப்படியே ஏற்றினால் ஒரே தோல் மூன்று சரக்காகிவிடும். அலமாரியில் தோல் இருக்கும்போதே ‘இருப்பு இல்லை’ என்று திரை சொல்லும். வெட்டுபவரும் ஸ்டோர்காரரும் கணக்கரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் இது சரியாகும். வெளி ஆலோசகர் தனியாகச் செய்ய முடியாது.

நம்பிக்கை 4: சீசனுக்கு முன் ஒரேயடியாக மாறிவிடலாம்.

உண்மை: அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லெட் நிறுவனம் 1999இல், ஹாலோவீன் விற்பனை நெருங்கும் வேளையில் அப்படி மாறியது. சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை. தீபாவளி ஆர்டர் முடியட்டும். மந்தமான மாதத்தில் ஒரு பிரிவில் தொடங்குங்கள். பழைய கணக்கும் புதிய கணக்கும் ஒத்துப்போன பிறகு அடுத்த பிரிவுக்குப் போங்கள்.

அதன்பின் முதலாளியே திரையில் தெரியும் இருப்பைப் பார்த்து ஆர்டர் போட வேண்டும். அவர் நோட்டைக் கேட்டால், பட்டறை முழுதும் நோட்டுக்கே திரும்பிவிடும்.