பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் கசிவுப் பிழை: காரணம் கண்டறிந்து களையும் முறை

டிஷ்வாஷர் எனப் பரவலாக அழைக்கப்படும் பாத்திரம் கழுவும் இயந்திரம், ஓட்டத்தின் நடுவே நின்று, திரையில் ஒரு குறியீட்டைக் காட்டி, கதவைத் திறந்த பின்னும் நீரை வெளியேற்றும் பம்பை விடாமல் இயக்கிக்கொண்டிருந்தால், அது பெரும்பாலும் கசிவுப் பிழையாகவே இருக்கும். இக்குறியீடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுகிறது: பாஷ், சீமென்ஸ் இயந்திரங்களில் ஈ-15 என்றும், எல்ஜி இயந்திரங்களில் ஏஈ என்றும், சாம்சங் இயந்திரங்களில் எல்சி என்றும் தோன்றும். குறியீடு எதுவாயினும் பொருள் ஒன்றே: நீர் சேரக்கூடாத இடத்தில் நீர் சேர்ந்துள்ளது.

அந்த இடம் இயந்திரத்தின் அடித்தட்டு ஆகும். பாத்திரங்கள் அடுக்கப்படும் தொட்டிக்குக் கீழே, மோட்டார், பம்பு, மின்கம்பிகள் ஆகியவற்றைத் தாங்கி நிற்கும் இத்தட்டு, இயல்பு நிலையில் முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். அதன்மேல் பல மாடல்களில் தெர்மாகோலால் ஆன ஒரு மிதவை வைக்கப்பட்டுள்ளது. கசிந்த நீர் தட்டில் தேங்கும்போது மிதவை உயர்ந்து, ஒரு சிறு சுவிட்சை அழுத்த, கட்டுப்பாட்டுப் பலகை உடனே உள்வரும் நீரை அடைத்துவிட்டு வெளியேற்றும் பம்பை இயக்குகிறது. ஆனால் அந்தப் பம்பு தொட்டியில் உள்ள நீரை மட்டுமே இறைக்கும்; அடித்தட்டு நீரை அதனால் எடுக்க இயலாது. ஆகவேதான் இயந்திரத்தை எத்தனை முறை நிறுத்தி இயக்கினாலும் பிழை நீங்குவதில்லை. அடித்தட்டை உலர்த்தினால் குறியீடு மறையும் என்பது உண்மையே எனினும், நீர் எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டறியாத வரை அது மீண்டும் தோன்றும்.

படி 1: மின்சாரத்தையும் நீரையும் நிறுத்துதல்

தரையில் நீர் பரவியிருந்தால், ஈரக் கையால் பிளக்கைத் தொடாமல், மின்பெட்டியில் அந்த இணைப்புக்குரிய எம்சிபி சுவிட்சை முதலில் அணைத்துவிட்டு, அதன்பின் பிளக்கைக் கழற்ற வேண்டும். பிறகு இயந்திரத்துக்கு நீர் தரும் குழாயை மூட வேண்டும். அடித்தட்டில் மின்பாகங்களும் நீரும் ஒரே இடத்தில் இருப்பதால், இந்த வரிசையை எக்காரணம் கொண்டும் மாற்றலாகாது.

படி 2: பிழை தோன்றிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுதல்

கசிவின் மூலத்தைக் காட்டும் சிறந்த தடயம், அது நிகழும் நேரமே ஆகும். இயக்கியவுடனேயே குறியீடு தோன்றினால், முன்பே சேர்ந்த நீர் வற்றாமல் இருக்கிறது அல்லது மிதவை மேலே சிக்கிக்கொண்டுள்ளது எனக் கொள்ளலாம். நீர் நிரம்பும் முதல் சில நிமிடங்களில் தோன்றினால், உள்வரும் குழாயையும் அதன் இணைப்பையும் ஐயுற வேண்டும். கழுவுதல் நடக்கும்போது தோன்றினால், நுரை, கதவின் ரப்பர் பட்டை, தெளிப்பான், சுழற்சிப் பம்பு ஆகியவற்றில் ஒன்று காரணமாகலாம். நீர் வெளியேறும் கட்டத்தில் மட்டும் தோன்றினால், வெளியேற்றும் குழாயே முதலில் ஆராயத்தக்கது.

படி 3: நுரையைச் சோதித்தல்

கதவைத் திறந்ததும் தொட்டியில் நுரை நிறைந்திருந்தால், காரணம் பெரும்பாலும் அதுவே. கையால் தேய்ப்பதற்கான திரவ சோப்பை டிஷ்வாஷருக்குரிய தூளுக்குப் பதிலாக இட்டாலும், சோப்பால் தேய்த்த பாத்திரங்களை நன்கு அலசாமல் அடுக்கினாலும், பாத்திரம் பளபளக்க ஊற்றப்படும் ரின்ஸ் எய்ட் திரவம் வழிந்து தொட்டிக்குள் சிந்தினாலும் நுரை பெருகிக் கதவிடுக்கு வழியே வெளியேறும். நுரை தானாக அடங்கும் வரை கதவைத் திறந்து வைத்து, எஞ்சியதைத் துணியால் வழித்தெடுத்துவிட வேண்டும். பிழை நீங்கிய பின் குளிர்ந்த நீரால் ஒருமுறை அலசி வெளியேற்றினால் போதுமானது. பாகம் எதையும் மாற்றத் தேவையில்லை.

படி 4: கதவையும் தெளிப்பானையும் ஆராய்தல்

கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையில் உணவுத் துணுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்தால் கதவு முழுமையாகப் பொருந்தாது. ஈரத்துணியால் அதன் மடிப்புகளையும், கதவின் கீழ் விளிம்பையும் துடைத்து, வெடிப்போ தளர்வோ உள்ளதா எனப் பார்க்க வேண்டும். சுழன்று நீரைப் பீய்ச்சும் கைகளான தெளிப்பான்களின் துளைகள் அடைபட்டாலோ, அவற்றின் இணைப்புக் கோட்டில் விரிசல் விழுந்தாலோ, நீர் திசைமாறிக் கதவின் இடுக்கில் நேராக மோதும். கடின நீரைத் தரும் ஆழ்துளைக் கிணறுகளை நம்பியுள்ள வீடுகளில், சுண்ணாம்புப் படிவு இத்துளைகளை அடைப்பது வழக்கமாதலால், தெளிப்பான்களைக் கழற்றி, மென்மையான குச்சியால் துளைகளைத் திறந்து கழுவுவது நல்லது. பெரிய தட்டோ வாணலியோ கதவை நோக்கிச் சாய்ந்திருந்தாலும், இயந்திரம் முன்புறம் தாழ்ந்து நின்றாலும் இதே விளைவு ஏற்படும். மட்டப்பலகையை வைத்துப் பார்த்து, கால்களைத் திருகிச் சமன்செய்யலாம்.

படி 5: குழாய்களைச் சோதித்தல்

உள்வரும் குழாயின் திருகு இணைப்பில் உள்ள ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தால் அதை மாற்றுவது எளிது. சில மாடல்களில் இக்குழாய் இரட்டைச் சுவர் கொண்டது. உட்குழாய் கிழிந்தால் நீர் வெளிக்குழாயின் உள்ளாக வழிந்து அடித்தட்டையே சேரும். பாஷ் நிறுவனம் அக்வாஸ்டாப் எனப் பெயரிட்டுள்ள இவ்வகைக் குழாயின் முனையிலுள்ள பெட்டிக்குள் மின்வால்வு இருப்பதால், அதை நீரில் மூழ்கவிடுவதோ, குழாயை வெட்டி ஒட்டுவதோ ஆபத்தானது. வெளியேற்றும் குழாயில் மடிப்பு, விரிசல், தளர்ந்த கிளாம்ப் ஆகியவற்றுடன், எலி கடித்த தடத்தையும் தேட வேண்டும்.

படி 6: அடித்தட்டை உலர்த்துதல்

தொட்டியில் நிற்கும் நீரைக் குவளையாலும் பஞ்சாலும் முதலில் எடுத்துவிட வேண்டும். இயந்திரம் சுமார் 50 கிலோ வரை எடையுள்ளது என்பதால், இருவர் சேர்ந்தே அதை வெளியே இழுத்து, குழாய்கள் இழுபடாதவாறு, 45 பாகைக்கு மிகாமல் மெதுவாகச் சாய்த்து, வழியும் நீரைப் பழைய துண்டுகளில் உறிஞ்சச் செய்ய வேண்டும். அலமாரிக்குள் பொருத்தப்பட்ட இயந்திரமாயின், முன்புறக் கீழ்ப்பலகையைக் கழற்றிப் பஞ்சால் நீரை ஒற்றியெடுக்கலாம். தட்டின் விளிம்புகள் கூர்மையானவை என்பதால் தடித்த கையுறை அவசியம். அதன்பின் ஒரு நாள் முழுதும் காற்றில் உலரவிடுவது பாதுகாப்பானது.

படி 7: சோதனை ஓட்டம்

பாத்திரமோ சோப்போ இன்றி மிகக் குறுகிய திட்டத்தைத் தேர்ந்து, கீழ்ப்பலகை திறந்த நிலையிலேயே இயக்கி, டார்ச் விளக்கொளியில் அடித்தட்டைக் கவனிக்க வேண்டும். மின்சாரம் பாயும்போது கையை உள்ளே விடலாகாது. முதல் துளி எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பதை 2-ஆம் படியின் குறிப்போடு ஒப்பிட்டால் மூலம் தெளிவாகும்.

நீர் தொட்டியின் அடிமையத்திலிருந்தோ, சுழற்சிப் பம்பின் அச்சிலிருந்தோ, கடின நீரை மென்மையாக்கும் உப்பறையின் மூட்டிலிருந்தோ வருமாயின், அது வீட்டில் தீர்க்கத்தக்கதன்று. உத்தரவாதக் காலத்தில் உள்ள இயந்திரத்தைப் பிரிப்பதும் தவறு. அந்நிலையில், குறியீட்டையும் கசிவின் நேரத்தையும் இடத்தையும் எழுதி வைத்துத் தொழில்நுட்பரிடம் கொடுத்தால், தேவையற்ற பாகங்களுக்குப் பணம் செலவாவது தவிர்க்கப்படும்.

பிழை நீங்க வேண்டும் என்பதற்காக மிதவையைக் கட்டிவைப்பதும், அதன் சுவிட்சைத் துண்டிப்பதும் சிலர் பரிந்துரைக்கும் வழிகள். ஒருமுறை கழுவ ஏறத்தாழ 10 லிட்டர் நீரை உள்வாங்கும் இயந்திரத்தில், மின்பாகங்களின் நடுவே உள்ள ஒரே காவலை அகற்றுவது மின்னதிர்ச்சிக்கு வழிவிடும் செயலாகும். எந்த நிலையிலும் அதைச் செய்யாதிருப்பதும், வாரம் ஒருமுறை வடிகட்டியையும் ரப்பர் பட்டையையும் துடைப்பதும், ஒவ்வொரு வீட்டாரும் கைக்கொள்ள வேண்டிய கடமைகள்.