காண்டாவனத்தில் சோடி ஓட்டம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சித்திரை பிறக்கும்போது யாழ்ப்பாணத்துக்குச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஏப்ரல் 15 அளவில், நண்பகலில், முற்றத்துக் கம்பத்துக்கு நிழலே இராது. பிறகு காண்டாவனம் என்கிற கடும் வெக்கைக் காலம். ஓகஸ்ட் கடைசியில் சூரியன் திரும்பவும் தலைக்கு மேலே. ஆண்டின் பிற்பகுதியில் மரதன் ஓட நினைப்பவருக்கு நாலு மாதப் பயிற்சியாவது வேண்டும். அந்த நாலு மாதமும் இந்த இரண்டு உச்சிகளுக்கும் நடுவில்தான் வந்து விழும். தனியே ஓடப் பஞ்சி என்று இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து ஓடுவது நல்ல விஷயம். ஆனால் இவர்களுக்கு வழியில் நிற்பவர்கள் சொல்லும் புத்திமதிகளில் சில, ஆளை வைத்தியசாலைக் கட்டிலில் கொண்டுபோய்க் கிடத்தக்கூடியவை.

“எங்கட உடம்புக்கு இந்த வெயில் பழக்கம்தானே.”

பிறந்த மண் அந்தப் பழக்கத்தைத் தருவதில்லை. வெக்கையில் ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் அளவில் உழைக்கிற உடம்பு, 10 முதல் 14 நாட்களில் தன்னை மாற்றிக்கொள்ளும். இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை முந்தித் தொடங்கும், வியர்வையில் உப்புக் குறையும். உழைப்பை விட்டால் சில கிழமைகளில் அத்தனையும் போய்விடும். வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டுகிறவரிடம் அது இருக்கிறது. ஏசி அறையில் கணக்குப் பார்க்கும் அவருடைய மகனிடம் இல்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்திறங்கி, அடுத்த நாளே மச்சானோடு 15 கிலோமீற்றர் ஓடக் கிளம்புகிறவரிடம் துளியும் இல்லை. அவர் பிறந்தது கொக்குவிலாக இருந்தாலும்தான்.

இதோடு ஒட்டிவரும் இன்னொரு கதை, கென்யர்கள் வெயிலில் வளர்ந்ததால்தான் அப்படி ஓடுகிறார்கள் என்பது. அவர்களுடைய பெயர்பெற்ற பயிற்சி ஊரான இட்டென் ஏறத்தாழ 2,400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியாவைவிட 500 மீற்றர் மேலே. குளிர் ஊர். கென்யரான கெல்வின் கிப்டும் 2 மணி 35 செக்கனில் 42.195 கிலோமீற்றரை முடித்ததும் சிக்காகோவின் குளிர்ந்த ஒக்ரோபர் காலை ஒன்றில்தான்.

“விடியப்புறம் ஓடினா வெக்கை இல்லை.”

பாதி உண்மை. வெயில் இராது. வெக்கை இருக்கும். நாலு பக்கமும் கடலும் களப்புமாக இருக்கிற குடாநாட்டில், விடியற்காலைக் காற்றில்தான் ஈரப்பதன் ஆகக் கூட. அந்த நேரத்தில் கொடியில் போட்ட சாரம் காய்கிறதா? வியர்வையும் அப்படித்தான். உடம்பைக் குளிர்விப்பது வியர்ப்பதல்ல, வியர்வை ஆவியாவது. நாடியில் சொட்டுச் சொட்டாக விழுகிற வியர்வை வீண்.

2019இல் தோகாவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில், வெயிலுக்குப் பயந்து பெண்கள் மரதனை நள்ளிரவில் தொடங்கினார்கள். வெப்பநிலை 30 பாகைக்கு மேல், ஈரப்பதன் 70 வீதத்துக்கு மேல். ஓடத் தொடங்கிய 68 பேரில் 28 பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். அத்தனை பேரும் உலகத் தரமான ஓட்டக்காரிகள். ஆகவே விடியப்புறம் ஓடுங்கள், ஆனால் மணிக்கூட்டைப் பார்த்து வேகத்தைப் பிடிக்க நினைக்காதீர்கள். மூச்சு வாங்காமல் பக்கத்தில் வருகிறவரோடு ஒரு முழு வசனம் பேசமுடிகிற வேகம் போதும்.

“சோழகம் முகத்தில அடிக்கேக்கதான் கஷ்டம்.”

பண்ணைப் பாலத்தில் ஓடுகிறவர்கள் எல்லாரும் சொல்வது. கோட்டைப் பக்கமிருந்து மண்டைதீவுச் சந்தியை நோக்கிப் போகும்போது சோழகம் எதிரே தள்ளும், கால் உளையும். திரும்பும்போது முதுகில் தள்ளும். சுகம் என்று வேகத்தைக் கூட்டுவார்கள். கணக்குப் பார்த்தால் கதை வேறு. நீங்கள் மணிக்கு 10 கிலோமீற்றரில் ஓட, காற்றும் அதே வேகத்தில் பின்னால் வந்தால், உடம்பைச் சுற்றிக் காற்று அசையவே அசையாது. வியர்வை அப்படியே நிற்கும். அதற்குள் சூரியனும் ஏறிவிடும். பாலத்தில் ஒரு மரநிழல்கூட இல்லை. வல்லை வெளியிலும் இதே சங்கதிதான். மெதுவாக ஓடவேண்டியது திரும்பி வருகிற பாதியில்.

“சோடி எண்டால் ஆளை ஆள் தள்ளோணும்.”

இந்த நம்பிக்கையைத்தான் முதலில் கைவிட வேண்டும் என்பேன். ஒருவர் 55 கிலோ, மற்றவர் 80 கிலோ என்று வையுங்கள். ஓட்டத்தில் ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீற்றர் கொண்டுபோக ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகும். 10 கிலோமீற்றருக்கு மெலிந்தவருக்கு 550, மற்றவருக்கு 800. இதில் முக்காற்பங்குக்கு மேல் வெறும் சூடாக உடம்பிலேயே சேரும். ஒரே வீதி, ஒரே வேகம், ஆனால் ஒருவருக்குள் எரியும் அடுப்பு மற்றவருடையதைப்போல ஒன்றரை மடங்கு. அதை வெளியே விடுகிற தோலின் பரப்போ அந்த அளவுக்குக் கூடுவதில்லை. “நான் ஓடுறன், உனக்கென்ன?” என்று மெலிந்தவர் கேட்பது வீரமில்லை, கணக்குத் தெரியாமை. அதற்கு ரோசப்பட்டு மற்றவர் ஓடுவது அதைவிட மோசம்.

வெயில் காலத்துச் சோடிக்கு நம்மூரில் ஒரு அருமையான வழி இருக்கிறது: சைக்கிள். ஒருவர் ஓட, மற்றவர் கரியரில் தண்ணீர்ப் போத்தலைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உழக்குவது. அரைவாசித் தூரத்தில் மாறிக்கொள்ளலாம். நீண்ட ஓட்டமென்றால் வீட்டிலிருந்து 12 கிலோமீற்றர் தள்ளிப் போகாமல், நாலைந்து கிலோமீற்றர் வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஓடலாம். நிழலும் தண்ணீரும் எப்போதும் கிட்டத்தில் இருக்கும். அலுப்புத்தான். அலுத்தால் கதைக்கத்தானே பக்கத்தில் ஆள்.

“ஓடேக்க தண்ணி குடிக்கக்கூடாது” – “எவ்வளவு குடிச்சாலும் நல்லது.”

ஒரே திண்ணையில் இரண்டையும் கேட்கலாம். இரண்டும் பிழை.

முதலாவதை 1904 சென் லூயிஸ் ஒலிம்பிக்கில் பரீட்சித்தே பார்த்துவிட்டார்கள். தண்ணீரை வேண்டுமென்றே மட்டுப்படுத்தி, ஓகஸ்ட் வெக்கையிலும் புழுதியிலும் ஓடவிட்டார்கள். 32 பேரில் 14 பேர்தான் முடித்தார்கள். இரண்டாவதற்குச் சாட்சி 2002 பொஸ்ரன் மரதன். ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 வீதமானவர்களுக்குச் சோடியம் இருக்கவேண்டிய அளவைவிடக் குறைந்திருந்தது. குடித்துக் குடித்து, தொடங்கியபோது இருந்ததைவிட எடை கூடி முடித்தவர்கள்தான் கூடுதலாக மாட்டிக்கொண்டார்கள். ஓட முன்னும் பின்னும் தராசில் ஏறிப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் வியர்வை. கொஞ்சம் குறைந்திருப்பது சரி, கூடியிருக்கவே கூடாது.

இளநீர் மட்டும் போதுமென்பதும் அப்படி ஒன்றுதான். ஓடிவிட்டுக் கழற்றிப் போட்ட கறுப்பு ரீசேட் காய்ந்ததும் முதுகில் கோடு கோடாக வெள்ளை பூத்திருக்கும், அது உப்பு. இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்புப் போடுங்கள். அல்லது தேசிக்காய்த் தண்ணீரில் உப்பும் சீனியும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு, பைக்கற்றில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்த ஜீவனி. பழஞ்சோற்றுத் தண்ணீரில் உப்பும் வெங்காயமும் போட்டுக் குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஓட முன் நல்லெண்ணெய் தேய்த்தால் உடம்பு குளிருமா? வேண்டாம். 1912 ஸ்ரொக்ஹோம் மரதனில் போர்த்துக்கேயரான பிரான்சிஸ்கோ லாசரோ வெயிலுக்குக் காப்பாக உடலில் கொழுப்புப் பூசிக்கொண்டு ஓடினாராம். வழியில் விழுந்தவர் அடுத்த நாள் இறந்துபோனார். எண்ணெய் முழுக்குச் சனிக்கிழமைக்கு இருக்கட்டும்.

“ஓடின சூட்டோட தண்ணி வாக்காத, சன்னி வரும்.”

உயிரைக் குடிக்கிற நம்பிக்கை இதுதான். வெப்பத்தாக்கு என்றால் உள்ளுடம்பின் சூடு 40 பாகையைத் தாண்டி மூளை தடுமாறுவது. ஓட்டத்தால் வரும் வெப்பத்தாக்கில் வியர்வை நின்றிருக்க வேண்டும் என்றில்லை. தெப்பமாக நனைந்தபடியே ஆள் விழுவார். தடுமாறுகிறவருக்குத் தான் தடுமாறுவது தெரியாது. அதைப் பக்கத்தில் ஓடுகிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். இடைக்கிடை கேளுங்கள்: “இப்ப எந்தச் சந்தி தாண்டினனாங்கள்?” பதில் பிசகினால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், கால் பின்னினால், ஓட்டம் அங்கேயே முடிந்தது. அவர் மாட்டேன் என்பார். மறியுங்கள்.

பிறகு தண்ணீர்தான். அமெரிக்காவின் பல்மத் ஓட்டம் வெறும் 11 கிலோமீற்றர். 18 ஆண்டுகளில் 274 பேருக்கு அங்கே வெப்பத்தாக்கு வந்தது. அந்த இடத்திலேயே குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார்கள். 274 பேரும் பிழைத்தார்கள். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டை இழுத்துவிடும். 1971இல் பாக்குநீரிணையை இரு வழியும் நீந்திய வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் போன்றவர்களுக்குக் கடலில் எதிரியான அதே குணம், தரையில் ஓடுகிறவனுக்கு மருந்து.

கோப்பாய், உரும்பிராய், நீர்வேலிப் பக்கம் ஓடினால் தொட்டிக்குப் பஞ்சமில்லை. தோட்டக் கிணற்றடியில், பாசி பிடித்த சீமெந்துத் தொட்டி; மோட்டர் இறைக்க வாய் நிறையத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும். கேட்டால் மறுக்கிற கமக்காரர் இல்லை. 1990க்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அது வரும்வரை கைகட்டி நிற்காமல் ஆளைக் கழுத்தளவு தண்ணீரில் இறக்குங்கள். கிணற்றுத் தண்ணீர் ஐஸ் அல்ல, அதனால் கையால் விடாமல் கலக்க வேண்டும். மீன் சந்தை கிட்ட என்றால் ஒருவரை ஐஸுக்கு ஓடவிடலாம். தலை தாழாமல் பின்னாலிருந்து அக்குளுக்குள் கை கொடுத்துப் பிடித்திருங்கள். முழு நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.